முதலிடத்திலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொன்னேன்

என்னங்க, சரோஜா அப்பா,

நீங்கள் இருக்கும் இடத்தில் இடது கையும் காலும் சரியாக வேலை செய்கின்றன என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும்தான் தொந்தரவு. லூனாஸில் நம் வீட்டுக்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அது உங்கள் காலத்திலிருந்தே தோண்டுவதுதான்.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலமாக நீங்கள் பெரிய விஞ்ஞானி. ரப்பர் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் இதுவரை எழுதிய எல்லாரிலும் முதல் ஆள் நீங்கள்தான் என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லியது. பெருவிரலை மையில் தோய்த்தே காலம் தள்ளிய மனிதர், அத்தனை டாக்டர்களுக்கும் மேலே நின்றீர்கள். அந்த இடத்திலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொன்னவள் நான்தான்.

கோபப்படாமல் முழுதும் கேளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். உங்களுக்குப் படிக்க வராது. பக்கத்தில் படித்தவர் யாராவது இருப்பார்கள், அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். எப்படியும் நாலு பேர் காதில் விழத்தான் போகிறது என்பதால் நாலு பேர் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

அந்தப் பத்திரிகை நம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வந்துகொண்டிருக்கிறது. கதை, சினிமா எதுவும் அதில் இருக்காது. ரப்பர் மரத்துக்கு வரும் நோய், பாலின் தன்மை, எந்த மண்ணில் எந்தக் கன்று பிழைக்கும் என்று ஆராய்ந்தவர்கள் எழுதும் கட்டுரைகள். இப்போது ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடுகிறார்கள், வீடு கட்டுகிறார்கள். ஆனாலும் பத்திரிகை நிற்கவில்லை. இத்தனை வருஷம் ஓடிவிட்டதே, இதில் யார் அதிகம் எழுதினார்கள், யார் எழுதியது உலகத்துக்கு அதிகம் பயன்பட்டது என்று கணக்கெடுக்கலாம் என அதை நடத்துகிறவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. முன்னால் நிற்பவர்களைப் பினாங்கில் ஒரு விருந்து வைத்து மேடையேற்றுவது, சிறப்பு மலரில் படம் போடுவது என்று ஏற்பாடு.

கணக்கெடுக்கும் வேலை ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தது. அங்கே அந்த வேலையைப் பார்ப்பவள் யார் தெரியுமா? நம் யாழினி. நம் மகன் செல்வத்தின் மகள். நீங்கள் போகும்போது படித்துக்கொண்டிருந்தவள் இப்போது நூலக அதிகாரி. பாசாரில் மீன் விற்கும் சீனர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுகிறார்.

என்ன வேலை என்று ஒருநாள் அவளையே கேட்டேன்.

“ரெண்டு விதமா அளக்கிறோம் பாட்டி. ஒண்ணு, எத்தனை எழுதினாங்க. இன்னொண்ணு, அவங்க எழுதினத எத்தனை பேரு பின்னால எடுத்துச் சொல்லியிருக்காங்க.”

“எடுத்துச் சொல்றதுன்னா?”

“இப்ப நான் ஒரு கட்டுரை எழுதுறேன். இதை மொதல்ல சொன்னது இன்னாருன்னு கீழ பேரு போடணும். அப்படி எத்தனை பேரு ஒங்க பேரப் போடுறாங்களோ, அவ்ளோ மதிப்பு ஒங்களுக்கு.”

“அப்ப ரசம் வெக்கிற மாதிரி லா. எத்தனை சட்டி வெச்சேங்கிறது ஒரு கணக்கு. எத்தனை வீட்டுல அஞ்சலை ரசம்னு சொல்லி அதே மாதிரி வெக்கிறாங்கங்கிறது இன்னொரு கணக்கு.”

“பாட்டி! இத நான் ஆபீஸ்ல சொல்லிக்கவா?”

“சொல்லு. ஆனா கீழ என் பேரப் போடணும்.”

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் உங்கள் படையல் வந்தது. ரப்பர் ஆராய்ச்சியிலேயே வேலை பார்க்கும் செல்வம் சுங்கைப்பட்டாணியிலிருந்து குடும்பத்தோடு வந்தான். இலை போட்டு, உங்களுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைத்து, ஊதுபத்தி ஏற்றிய பிறகு அவன் சட்டைப்பையிலிருந்து தனக்கு வந்த ஒரு கடிதத்தை எடுத்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தான். அத்தனை வருஷப் பத்திரிகையில், இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் நிற்பவர் எஸ். குப்புசாமி; செல்வத்தின் பெயரை அங்கே அப்படித்தான் போடுவார்களாம். குடும்பத்தோடு விருந்துக்கு வரவும்.

உங்கள் பெயரை இத்தனை வருஷத்தில் நான் வாயால் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அப்பா, ஒங்க பேருதாம்பா மேல இருக்கு,” என்று படத்தைப் பார்த்துச் சொன்னான். தலை நரைத்த மகன் அப்படிச் சொன்னால் எந்தத் தாய் அழாமல் இருப்பாள்? நானும் அழுதேன். மருமகளும் கண்ணைத் துடைத்தாள். சரோஜா மட்டும், “நல்லதுடா தம்பி, ரொம்ப நல்லது,” என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, பாயசம் அடிப்பிடிக்கிறது என்று உள்ளே போனாள். பாயசம் அடிப்பிடிக்கவில்லை. நான்தான் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் யாழினி தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். வந்ததும் வராததுமாக, “அத்த எங்க?” என்றாள். சரோஜா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அப்பாடா என்று உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பழைய பத்திரிகையின் ஒரு பக்கம். மேலே தலைப்பு. அதன் கீழே எழுதியவர் பெயர்: எஸ். குப்புசாமி, எஸ். குப்புசாமி. ஒரே பெயர் இரண்டு தடவை.

“அச்சுப் பிழையா?” என்றேன்.

“கம்ப்யூட்டரும் அப்படித்தான் நெனச்சிச்சு பாட்டி, ஒண்ண எடுத்துருச்சு. நாங்களும் சிரிச்சோம், அச்சு கோர்த்தவன் தூங்கிட்டான் போலன்னு. அப்புறம் சந்தேகம் வந்து பழைய புஸ்தகத்தையெல்லாம் எறக்கிப் பாத்தேன். இந்தப் பேருல வந்த மொதக் கட்டுரை வந்தப்ப அப்பா இன்னும் ஸ்கூல்ல இருக்காங்க.”

உங்களுக்குப் புரிகிறதா? இரண்டு பேருமே அந்தப் பத்திரிகையில் எழுதியவர்கள். சரோஜாவும் எஸ். செல்வமும் எஸ். அடையாள அட்டையில் அவள் சரோஜா, குப்புசாமியின் மகள். அவன் செல்வம், குப்புசாமியின் மகன். நம் நாட்டு வழக்கத்தில் பிள்ளையின் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால். இந்தக் கணக்கு முறையைச் செய்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள். அவர்களுக்குக் கடைசியில் நிற்பது பரம்பரைப் பெயர். அதை முழுசாக எடுத்துக்கொண்டு, முன்னால் இருப்பதை ஒற்றை எழுத்தாக்கிவிடுவார்கள். மகளும் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டாள், மகனும் அதே எழுத்தாகச் சுருங்கிவிட்டான். நடுவில் நீங்கள் மட்டும் முழுசாக நிற்கிறீர்கள். கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டியவர், விஞ்ஞானியாக.

“ரெண்டு பேரையும் பிரிச்சா என்ன ஆவும்?” என்று கேட்டேன்.

“அப்பா எழுதினதுதான் நெறைய. அத்த எழுதினது கம்மி. ஆனா மதிப்புல பெரிய பங்கு அத்தையோடது. வெள்ள வேர் நோய் பத்தி எழுதினாங்களே, மண்ணுக்குள்ளயே ஒரு மரத்துலேர்ந்து அடுத்த மரத்துக்கு அது எப்படிப் போவுதுன்னு? அதத்தான் தாய்லாந்துலயும் ஆப்பிரிக்காவுலயும் இன்னும் எடுத்துச் சொல்றாங்க. பாட்டி, மாசக் கடைசியில மலர் அச்சுக்குப் போவுது. அதுக்குள்ள மாத்தலன்னா அவ்ளோதான், அப்படியே நிக்கும். அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? எனக்கு வாயே வரல.”

“நான் சொல்றேன்,” என்றேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது.

சரோஜா கோயிலிலிருந்து வந்ததும் கேட்டேன். அவள் திருநீற்றை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டே, “படையலன்னிக்கே தெரியும்மா,” என்றாள்.

“ஏண்டி வாயத் தொறக்கல?”

“தம்பி மொகத்தப் பாத்தீங்கல்ல? அவன் அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு.”

“அவன் சிரிக்கணும்னா ஒன் பேரக் குடுத்துருவியா?”

“பேரு என்னம்மா பேரு. எங்கயோ ஒரு தோட்டத்துல ரெண்டு மரம் அதனால பொழச்சா போதாதா? எனக்கு வேணாம்மா. விட்டுடுங்க.”

இந்த ‘விட்டுடுங்க’ இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். நம் மகள் வாயில் அது அதிகமாகவே இருக்கிறது. நீங்கள் பக்கவாதத்தில் விழுந்தபோதும் இதையே சொன்னாள். கோலாலம்பூரில் நல்ல வேலை, கீழே நாலு பேர் வேலை பார்த்தார்கள், ஆராய்ச்சி பாதியில் நின்றது. “விட்டுடுங்கம்மா, அப்பாவ நான் பாத்துக்கறேன்,” என்று பெட்டியோடு லூனாஸுக்கு வந்தாள். செல்வத்துக்கு அப்போது பிள்ளைகள் சிறிசு. அவனைக் குறை சொல்ல மாட்டேன், மாதா மாதம் வந்து பார்த்தான், மருந்துச் செலவெல்லாம் அவன்தான். ஆனால் உங்களைப் புரட்டிப் படுக்கவைத்ததும், கஞ்சியை வடிகட்டி ஊட்டியதும், நீங்கள் குழறிக் குழறிப் பேசியதை எனக்கே எடுத்துச் சொன்னதும் அவள்தானே?

யாழினி இருவரையும் பிரித்து, வருஷா வருஷம் எழுதியதைக் கோடாக வரைந்து காட்டினாள். சரோஜாவின் கோடு மெதுவாக ஏறிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் தரையைத் தொட்டு, அப்படியே நீட்டமாகப் போகிறது. கடைசிவரை எழவில்லை. “இங்க அத்த எழுதறத நிறுத்திட்டாங்க,” என்றாள். இங்கேதான் உன் தாத்தா விழுந்தார் என்று நான் சொன்னேன்.

அந்த வருஷங்களுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. அது போகட்டும். அதை அளக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் எழுதியதற்காவது அவள் பெயர் இருக்க வேண்டாமா? அதையும் விட்டுவிட்டால் அவள் இந்த உலகத்தில் என்ன செய்தாள் என்று யார் கேட்பார்கள், யார் சொல்வார்கள்?

செல்வத்தை வரச் சொன்னேன். சாயங்காலம் வந்தான். யாழினி பக்கங்களை மேசையில் பரப்பினாள். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“நானும் எண்ணிக்கை கொஞ்சம் அதிகமா இருக்கேன்னுதான் நெனச்சேன்,” என்றான் கடைசியில். “சின்னச் சின்னக் குறிப்பையெல்லாம் சேத்துட்டாங்கன்னு விட்டுட்டேன்.”

“இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. சொல்லிரு.”

“அக்காவே ஒண்ணும் சொல்லல, நீங்க ஏம்மா கெளப்புறீங்க? வர்றேன்னு பதில் போட்டாச்சு. என் ஆபீஸ்ல கேக் வெட்டியாச்சு. இப்பப் போயி அது நான் இல்லன்னா, இத்தனை நாளு திருட்டுத்தனமா இருந்தேன்னு பேசுவாங்க.”

“தெரியாம நடந்தது திருட்டு இல்லடா. தெரிஞ்சதுக்கப்புறம் கம்முனு இருந்தா அதுக்கு என்ன பேருன்னு நீயே சொல்லு. நீதான் படிச்சவன்.”

அவன் எழுந்து உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றான். திரும்பிப் பார்க்காமல் பேசினான்.

“என்ன விடுங்க. அப்பாவ நெனச்சுப் பாருங்கம்மா. தோட்டத்துல தொரைங்க ‘டேய்’னு மட்டும் கூப்பிட்டாங்க அவர. இன்னிக்கு அவர் பேரு எல்லாருக்கும் மேல நிக்குது. எங்க ரெண்டு பேரையும் பிரிச்சா நானும் எறங்கிருவேன், அக்காவும் ஒரு கணக்குல காணாமப் போயிருவா. குப்புசாமிங்கிற பேரு மொத எடத்துல எங்கயுமே இருக்காது. அதத்தான் கேக்குறீங்களா?”

உண்மையைச் சொல்கிறேன். அவன் சொன்னதை நான் ஏற்கனவே நினைத்துப் பார்த்திருந்தேன். அந்த மலரில் உங்கள் பெயர் முதலில் இருக்கும், அதை வெட்டிச் சட்டம் போட்டு உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம், வருகிறவர் போகிறவரெல்லாம் பார்ப்பார்கள் என்று ஒரு ராத்திரி முழுக்க ஆசைப்பட்டிருந்தேன். யார் என்று கேட்டால் என் வீட்டுக்காரர் என்று சொல்ல எவ்வளவு நன்றாக இருக்கும்! உங்களுக்கும் ஆசை இருந்திருக்குமோ? மனுஷன்தானே நீங்களும்?

அப்புறம் எனக்கு நீங்கள் ஒரு நாள் நின்ற நிலை ஞாபகம் வந்தது. நான் கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த புதிது. என் பெயர் பதியவில்லை. உங்கள் கூடவே மரம் வெட்டினேன், பால் எடுத்தேன், எல்லாம் உங்கள் பெயரில் எடை போட்டார்கள். அன்றைக்கு நீங்கள் எடையைக் கணக்கெழுதும் கிராணியிடம், “ஐயா, இதுல பாதி அவ வெட்டுனது,” என்றீர்கள். அவர் தலை நிமிராமல், “ஒரே வீட்டுக்குத்தானே போவுது, யாரு பேருல எழுதுனா என்ன?” என்றார். நீங்கள் வாளியைத் தராசிலிருந்து எடுக்கவே இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். “குப்பு, நவுருடா, பால் கட்டிக்கும்!” நீங்கள் நகரவில்லை. என்னை என்ன பெயர் என்று அவர் கேட்டு எழுதிய பிறகுதான் வாளி நகர்ந்தது. அன்றைக்கு எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இதைச் செல்வத்திடம் சொன்னேன். “ஒங்கப்பா பேரு மேல நிக்கணும்னு ஒங்கப்பாவே கேக்க மாட்டாருடா,” என்றேன்.

டீயைத் தொடாமலே கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டும்போது, என்னைப் பார்க்காமல், “நான்தாம்மா நெறைய எழுதினேன். ஆனா அக்காவோடத எடுத்துட்டா என்னோடத யாரும்மா பாக்கறா?” என்றான். பிறகு கார் போய்விட்டது.

பெற்ற வயிறு, கேட்க முடியவில்லை. ஓடிப்போய்க் கூப்பிட்டு, சரி விடுடா என்று சொல்லிவிடலாமா என்று கால் பரபரத்தது. அவனும் என் பிள்ளைதானே? சரோஜாவுக்கு ஒரு நியாயம் வேண்டும் என்றால் இவன் மனசு உடைய வேண்டுமா? யாராவது ஒருவர் இதற்குப் பதில் சொல்லுங்கள் என்று இருந்தது. ஆனால் நான் கூப்பிடவில்லை. தப்பாக ஒரு மாலை அவன் கழுத்தில் விழுந்தால், அது நாளைக்கு அவனையே அறுக்கும். அவன் உங்கள் மகன். எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். கையில் ரொட்டி சானாய்ப் பொட்டலம், இன்னொரு கையில் ஒரு கட்டுக் காகிதம். சரோஜா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உள்ள வா. ஒன்னோடத எடுத்துக்க. என்னோடத விட்டுரு.”

“எதுக்குடா இப்ப?”

“வா லா. ஒன் தியாகத்தையெல்லாம் சாயங்காலம் பண்ணிக்க.”

இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பிரித்தார்கள். யாழினி நடுவில் உட்கார்ந்து குறித்துக்கொண்டாள்.

“இது என்னுது இல்லடா. இவ்ளோ நீளமா நான் எழுதமாட்டேன்.”

“ஆமா, நீ தந்தி அடிக்கிற மாதிரி எழுதுவ. படிக்கிறவன் மிச்சத்த வீட்டுக்குப் போயி யோசிக்கணும்.”

“அதான் எல்லாரும் எடுத்துச் சொல்றாங்க. ஒன்னோடதுல எங்க எடுக்கிறதுன்னு தெரியாம விட்டுட்டாங்க.”

இவன் மறுபடி செருப்பை மாட்டிவிடுவானோ என்று பார்த்தேன். செல்வம் கண்ணாடியைக் கழற்றினான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், படையலன்று சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. சின்ன வயசில் இவர்கள் சண்டை போட்டால் நீங்கள் ரெண்டு பேர் தலையிலும் ஒன்றாகத் தட்டுவீர்களே, அந்தச் சத்தம் கேட்டதுபோல் இருந்தது எனக்கு.

இரண்டு பெயர் போட்ட அந்தக் கட்டுரை வந்தது. அது செல்வம் முதன்முதலில் எழுதியது, அக்காவோடு சேர்ந்து.

“இதுல ஒன்னோடது தலைப்பு மட்டுந்தான்,” என்றாள் சரோஜா.

“தலைப்பு இல்லாம எவன் படிப்பான்?”

“ரெண்டு பேருக்கும் போடறேன்,” என்றாள் யாழினி. “போதும் ஒங்க சண்ட.”

பத்திரிகை அலுவலகத்தில் ஓர் அம்மா இருக்கிறார், மலாய்க்காரர். செல்வம் அவருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். அவன் மரியாதையாக ஆரம்பித்து, மென்று விழுங்கி, சுற்றி வளைத்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாவோ, முறைப்படி இது ஒரே ஆள் என்றுதான் பதிவாகியிருக்கிறது, மாற்றுவதென்றால் குழு கூட வேண்டும், மலர் அச்சுக்குப் போகிற நேரம், அடுத்த முறை பார்க்கலாமே என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது பாசார் மலாய்தான்.

“புவான், அனாக் சாயா டுவா ஓராங். புக்கான் சத்து,” என்றேன். என் பிள்ளைகள் இரண்டு பேர், ஒன்றல்ல.

அந்த அம்மா, வயசானவளை மரியாதையாக அழைக்கும் மலாய்ச் சொல்லால், “மக்சிக் யாரு?” என்று கேட்டார்.

“அம்மா. ரெண்டு பேருக்கும்,” என்றேன். “நான் பெத்தது எனக்குத் தெரியாதா? குழு கூடித்தான் எனக்கு எத்தனை பிள்ளைன்னு சொல்லணுமா?”

சரோஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் அந்த அம்மா சிரித்துவிட்டார். தன் பெயருக்குப் பின்னாலும் அப்பா பெயர்தான் இருக்கிறது என்றும், ஒருமுறை வெளிநாட்டில் போய் இறங்கியபோது தன் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டதாகவும், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வெகுநேரம் உட்கார்ந்தே இருந்ததாகவும் சொன்னார். “சரி மக்சிக், பழைய பக்கத்தையெல்லாம் இன்னிக்கே அனுப்பச் சொல்லுங்க. குழுகிட்ட நான் பேசறேன்,” என்றார். செல்வம் அன்று மத்தியானமே அனுப்பினான். கூடவே, மேடைக்கு அழைத்தது தன்னை மட்டும் என்று நினைத்து ஒப்புக்கொண்டது தவறு என்று தன் கையெழுத்தில் ஒரு வரியும் எழுதினான். யாரும் அவனை எழுதச் சொல்லவில்லை.

கணக்கு திரும்ப வந்துவிட்டது. எத்தனை எழுதினார்கள் என்ற கணக்கில் செல்வம் இருக்கிறான், முதலில் இல்லை, ஆனாலும் மேடையேறும் அளவுக்கு இருக்கிறான். சரோஜா அதில் இல்லை. எத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள் என்ற கணக்கில் சரோஜா ஒரே ஒருவருக்குக் கீழே நிற்கிறாள். அந்த ஒருவர் காலமாகிவிட்டாராம். மலரில் இருவர் பெயரும் முழுசாக, சொந்தப் பெயர் முன்னால் வரும்படி அச்சாகிறது. நீங்கள் எந்த இடத்திலும் முதலாவதாக இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

யாழினி இதோடு நிற்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு நடந்தது இன்னும் எத்தனை பேருக்கு நடந்திருக்கும் என்று அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. இருவர் ஒருவராகியிருக்கலாம், ஒருவரே மூன்று பேராகச் சிதறியிருக்கலாம். கணினி சொன்னதை நம்பாமல் பழைய தொகுதிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கையால் பார்க்கிறாள். ரொம்ப காலம் பிடிக்குமே என்று மேலதிகாரி சொன்னாராம். பிடிக்கட்டும் என்றாளாம். யாருடைய பேத்தி?

சரோஜா விருந்துக்கு வரமாட்டேன் என்று ஒரு வாரம் அடம் பிடித்தாள். “நீ வரலன்னா ஒனக்குப் பதிலா நான் மேடைக்குப் போறேன். மைக்கக் குடுத்தா நான் எறங்கமாட்டேன், தெரியுமில்ல?” என்றேன். வருகிறேன் என்றாள். பட்டுச் சேலை மட்டும் கட்டமாட்டாளாம். போகட்டும், நான் கட்டிக்கொள்கிறேன்.

வரும் சனிக்கிழமை விருந்து. செல்வம்தான் காரோட்டுகிறான், பினாங்குப் பாலம் வழியாகப் போகிறோம். பெரிய மண்டபமாம், மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். காகிதத்தில் சரியாக இருந்தாலும் ஒலிபெருக்கியைப் பிடிக்கிறவருக்குப் பழக்கம் போகாது. எடுத்த எடுப்பில் “டாக்டர் குப்புசாமி” என்றுதான் கூப்பிடுவார், பார்த்துக்கொண்டே இருங்கள். நம் மகள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து மேடைக்குப் போய்விடுவாள். அவள் குணம் நமக்குத் தெரியாதா?

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் பக்கத்து நாற்காலியில் நான் உட்காருவேன். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பேன். மண்டபமே திரும்பிப் பார்த்தாலும் விடமாட்டேன். சரோஜா என்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை எங்கள் வரிசையிலிருந்து ஒருத்தரும் எழமாட்டோம்.

நீங்களும் அங்கே எழுந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சரோஜாவுக்கும் செல்வத்துக்கும் அம்மா, யாழினிக்குப் பாட்டி,
உங்கள் வீட்டுக்காரி அஞ்சலை
லூனாஸ், கெடா